உறுப்பு மாறிய கணினியும் தொடக்கத் தடையும்

வெலிமடை முதலிய ஊவா மலைநகர்களிற் பழைய கணினியைக் கழித்துப் புதியது வாங்குதல் எல்லார்க்கும் எளிதன்று. பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்வோர் பலர். அங்ஙனம் மதர்போர்ட் எனப்படும் தாய்ப்பலகையையோ செயலியையோ மாற்றியபின் கணினி தொடங்காதாயின், வன்தட்டை முற்றாக அழித்து விண்டோசைப் புதிதாக நிறுவுதலே தீர்வெனச் சிலர் துணிவர். உயர்தர மாணவன் ஒருவன் ஈராண்டு திரட்டிய குறிப்புகள் அத்துணிவால் மறைந்துபோதல் கூடும். தடை நேர்ந்த இடத்தை அறியின் அவ்வழிவு பெரும்பாலும் வேண்டப்படாது.

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது வன்தட்டன்று. தாய்ப்பலகையில் உறையும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலேயாம். அது செயலியையும் நினைவகத்தையும் சோதித்து, வன்தட்டிலுள்ள தொடக்கப் பதிவை நாடி, விண்டோசிடம் பொறுப்பை ஒப்படைக்கின்றது. தோட்டத்துக்குப் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை, பழைய செக்ரோலின் முறையை அறியாராயின் அன்றைய வேலை தொடங்குமா? செக்ரோலிற் குறையில்லை, முறையே மாறியுள்ளது. உறுப்பு மாறிய கணினியின் நிலையும் இத்தகையதே.

திரையில் யாதொன்றும் தோன்றாவிடின், வன்தட்டை ஐயுறுதல் வீண். செயலிக்கென அமைந்த தனி மின்னிணைப்பு பொருத்தப்பட்டுளதா, நினைவகப் பலகை முற்றும் அழுந்தியுளதா என நோக்குதல் வேண்டும். பழைய பயாஸ் புதிய செயலியை அறியாமையும் காரணமாகலாம். அதற்குப் பயாசைப் புதுப்பித்தலே மருந்து.

திரை ஒளிர்ந்தும் வன்தட்டு காணப்படவில்லையெனின், தொடக்க வரிசையை முதலிற் பார்த்தல் தகும். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். கணினியொடு தோன்றிய பயாஸ் முறைக்கு மாற்றாக யூ.ஈ.எஃப்.ஐ. முறை இன்று நிலைபெற்றுள்ளது. பழைய எம்.பி.ஆர். அமைப்புடைய வன்தட்டிலிருந்து தொடங்கப் புதிய தாய்ப்பலகைகள் பல மறுக்கின்றன. விண்டோஸ் 10 உடன் 2017 முதல் வழங்கும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்னுங் கருவி, கோப்புகளை அழியாது வைத்தே அவ்வமைப்பை மாற்றவல்லது. எனினும் முன்னரே படியெடுத்தல் அறிவுடைமை.

விண்டோஸ் சின்னம் தோன்றியபின் நீலத்திரையில் 0x7B என்னுங் குறி எழுமாயின், வன்தட்டுடன் உரையாடும் முறை மாறியதெனக் கொள்ளலாம். ஏ.எச்.சி.ஐ., ஐ.டி.ஈ., ரெய்ட் என்பவற்றுள் முன்பிருந்ததை மீண்டும் தெரிந்தால் அத்தடை பெரும்பாலும் நீங்கும்.

இவற்றினும் கடியது பிட்லாக்கர்ப் பூட்டு. அதன் திறவுகோல் பழைய தாய்ப்பலகையிலுள்ள சில்லோடு பிணைந்தமையால், புதிய பலகை 48 இலக்க மீட்பெண்ணைக் கேட்கும். அவ்வெண் இல்லையேல் கோப்புகளைத் திறத்தல் இயலாது. ஆதலின் உறுப்பை மாற்றுமுன் அவ்வெண்ணை எழுதிவைத்தலும், பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துதலும் இன்றியமையாதன.

பூட்டப்படாத வன்தட்டை வேறொரு கணினியிற் பொருத்திக் கோப்புகளைப் படியெடுத்தல் எளிது. மேற்கூறிய படிகள் யாவும் பயனளிக்காதவிடத்து, அவ்வாறு படியெடுத்தபின் விண்டோசைப் புதிதாக நிறுவலாம். அழித்தல் இறுதி வழியாக இருத்தல் வேண்டுமேயன்றி, முதல் வழியாதல் தகாது.