ஊரடங்குப் படங்கள்: திரைக்கு வந்த உணர்வுகளும் வராத உணர்வுகளும்

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சேலம் - விருத்தாசலம் பாதையில் பயணிகள் ரயில் நின்றது. கள்ளக்குறிச்சிக்காரர்களும் ரயிலேற வரும் நம் சின்னசேலம் நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்த பிள்ளைகளுக்கு அந்த மாதங்கள் அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். மீதியைக் கைப்பேசியில் பார்க்கும் படங்கள் நிரப்பிவிடும். அந்தப் படங்கள் எதைக் காட்டின, எதை விட்டன என்று பெரியவர்களாகிய நாம் ஒருமுறை கவனிப்பது நல்லது.

தமிழில் முதலில் அதிகம் பேசப்பட்டது, 2020 மே மாதம் யூடியூபில் வந்த கௌதம் மேனனின் ‘கார்த்திக் டயல் செய்த எண்’. சிம்புவும் த்ரிஷாவும் அவரவர் வீட்டிலிருந்தே நடித்த தொலைபேசி உரையாடல் அது. அக்டோபரில் அமேசான் பிரைமில் ‘புத்தம் புது காலை’ என்று ஐந்து குறும்படங்கள், 2022 ஜனவரியில் ‘புத்தம் புது காலை விடியாதா’ என்று இன்னும் ஐந்து. (எல்லாமே பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கவை அல்ல, முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள்.)

சில நடிகர்கள், ஒன்றிரண்டு அறைகள், குறைந்த ஆட்கள். பெரும்பாலும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் கதை சொல்ல முடிந்தது. கூட்டத்தைக் காட்ட வழியில்லை. அதனால் முகம், ஜன்னல், பூட்டிய கதவு, போன் திரை இவையே உணர்ச்சியைச் சுமந்தன. மதுமிதா இயக்கிய ‘மௌனமே பார்வையாய்’ இதற்கு நல்ல உதாரணம். நதியாவும் ஜோஜு ஜார்ஜும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் கணவன் மனைவி. மனைவிக்கு நோய் அறிகுறி தெரிந்ததும் கணவரின் வீம்பு தளர்கிறது. பயம் என்ற ஒன்றே இருவரையும் நெருங்க வைக்கிறது. சுஹாசினி இயக்கிய ‘காஃபி எனிவன்’ நினைவிழந்து படுத்திருக்கும் தாயையும், வீட்டிலேயே வைத்து அவரைப் பார்த்துக்கொள்ளும் வயதான தந்தையையும் காட்டியது. வயோதிகப் பெற்றோரை வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் அந்தக் கவலை புரியும்.

ஆனால் இவற்றில் வரும் வீடுகள் பெரும்பாலும் விசாலமானவை. வாடகை பாக்கி இல்லை, ரேஷன் வரிசை இல்லை. வீட்டுக்குள் அடைபட்டவரின் தனிமையைச் சொன்ன தமிழ்ப் படங்கள், வீடு போய்ச் சேர முடியாதவரின் தவிப்பை அதிகம் தொடவில்லை. அதை இந்தியில் தொட்டார்கள். காஜியாபாத்திலிருந்து பீகாரின் சஹர்சாவுக்குச் சைக்கிளிலேயே புறப்பட்ட ஏழு தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து வினோத் காப்ரி எடுத்த ஆவணப்படம் ‘1232 கிலோமீட்டர்ஸ்’, 2021 மார்ச்சில் வெளியானது.

நம் மனதை நேராகத் தைப்பது அனுபவ் சின்ஹாவின் ‘பீட்’. 2023 மார்ச்சில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். மாநில எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்ட கூட்டத்தில் பங்கஜ் கபூர் ஒரு காவலாளியாக வருகிறார். பிள்ளைகள் பசியில் துடிக்கிறார்கள். முஸ்லிம்கள் உணவு நீட்டுகிறார்கள். அவர்தான் நோய் பரப்புகிறார்கள் என்று சொல்லி வாங்கவிடாமல் தடுக்கிறார். படம் அவரை வில்லனாக்கவில்லை. அவரும் பசித்தவர், அவரும் பயந்தவர். வதந்தி ஒரு சாதாரண மனிதனுக்குள் எப்படி வேலை செய்தது என்பதை அதனாலேயே நம்ப முடிகிறது.

அந்த ஏப்ரலில் தமிழக அரசின் அன்றாட அறிவிப்பில் ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று வந்தால் யாரைச் சொல்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். டெல்லி சென்று வந்த வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் அது சொன்னது. தீர்ப்பு வந்தபோது நோன்பும் பெருநாளும் கடந்துவிட்டிருந்தன. அந்த இடைப்பட்ட மாதங்களில் கடைத்தெருவில் ஒருவர் நம்மைக் கண்டு ஒதுங்கி நடந்தால், அது நோய்க்குப் பயந்தா, நம் தொப்பியைப் பார்த்தா என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். இந்தச் சந்தேகத்தை எந்தத் தமிழ்ப் படத்திலும் நாம் பார்க்கவில்லை.

ஜனாஸாவும் அப்படித்தான். குளிப்பாட்ட அனுமதியில்லாமல், உறைக்குள் சுற்றிய உடலைத் தூரத்தில் நின்று அனுப்பிவைத்த குடும்பங்கள் உண்டு. மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்த தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்களும் உண்டு. கவச உடைக்குள் வியர்த்துக் குழி அருகே நின்ற அந்த இளைஞர்களை விட ஒரு கதாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

நோன்புக் கஞ்சியையும் சொல்ல வேண்டும். பள்ளிவாசல்களில் காய்ச்ச முடியாத ஆண்டு அது. அரசு தந்த அரிசி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தராவீஹுக்குக் கூடத்தில் அத்தா முன்னால் நிற்க, பின்னால் பிள்ளைகள். வளைகுடாவில் மாட்டிக்கொண்டவர்கள் வீடியோ அழைப்பில் இஃப்தார் பார்த்தார்கள். அப்போது எடுத்து அனுப்பிய சின்னச் சின்ன வீடியோக்கள், திரை உடைந்த பழைய போன்களில் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன.