இறைவைப் பம்புகளும் மின்சார முறையும்

ஏரிப் பாசனமுள்ள கிராமங்களில் நீர்முறை என்பது இன்னதென்று எவருக்கும் விளக்கிக் கூற வேண்டுவதில்லை. மதகு ஒன்று, வயல்கள் பல. எல்லோரும் ஒரே வேளையில் மடை திறப்பார்களாயின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. ஆகையால் இன்ன நாழிகை இன்னாருடைய பற்றுக்கு என்று முன்னோர் வகுத்து, நீர்க்கட்டியை நியமித்து, அவனுக்குக் களத்தில் மேரையும் அளந்தனர். கூட்டுக் கிணறுகளிலும் பங்காளிகளுக்குள் இத்தகைய முறை உண்டு. ஆயினும், தனித்தனியே மோட்டார் வைத்திருக்கும் கிணற்றுக்காரர்களுக்குள் முறை யாதொன்றும் ஏற்படவில்லை. தன் கிணறு, தன் மோட்டார் என்றே ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். உண்மையில் ஊரிலுள்ள மோட்டார்கள் யாவும் ஒரே மதகினின்று பாயும் வயல்களைப் போன்றவையே. அம்மதகு ஊர்ப் புறத்திலுள்ள டிரான்ஸ்பார்மர். ஏரியோ நாடு முழுவதும் பரந்து கிடக்கும் மின்தொகுப்பு. இதனைக் குடியானவர்கள் உணர்ந்து முறை வகுத்துக்கொள்வதால் விளையும் அனுகூலங்களை ஈண்டு விவரிப்போம்.

மின்தொகுப்பின் இயல்பு

ஏரிக்கும் மின்தொகுப்புக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஏரியில் இன்று மிஞ்சிய நீர் நாளைக்கு உதவும். மின்சாரத்தை அவ்வாறு பெருமளவில் சேமித்து வைப்பது எளிதன்று. ஒவ்வொரு கணமும் உற்பத்தியாவது எவ்வளவோ அவ்வளவே செலவாதல் வேண்டும். நம் நாட்டில் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் ஓடுகின்றது. செலவு மிஞ்சினால், பாரம் மிகுந்த வண்டியை இழுக்கும் மாடுகளைப் போல, உற்பத்தி யந்திரங்களின் வேகம் தளரும். செலவு குறைந்தால் வேகம் மிகும். இச்சுற்று 49.90-க்கும் 50.05-க்கும் இடையே நிற்குமாறு பொறியாளர்கள் இரவு பகலாகக் காவல் காக்கின்றனர். அதனினும் மிகத் தாழ்ந்துவிடின், தொகுப்பைக் காக்கும் பொருட்டுச் சில மின்பாதைகள் தாமாகவே துண்டிக்கப்படும்.

காவல் தவறினால் நேர்வது இன்னதென்பதை 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30, 31 தேதிகளில் நாடு கண்டது. சில பெரிய மின்பாதைகள் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தன. வட ராஜ்யங்கள் தமக்குரிய அளவினும் அதிகமாக மின்சாரம் இழுத்தன. எஞ்சியிருந்த ஒரு முக்கியப் பாதை பளு தாங்காது அறுபட்டது. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குப் பிரதேசங்களில் சுமார் 60 கோடி ஜனங்கள் வாழும் பரப்பு முழுவதும் மின்சாரம் நின்றது. அக்காலத்தில் தென்னாட்டின் தொகுப்பு தனித்து ஓடியதால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31-ஆம் தேதி முதல் தென்னாடும் அத்தொகுப்போடு இணைக்கப்பட்டது. ஆகவே இன்று ஈரோட்டில் ஓடும் பம்பும் லூதியானாவில் ஓடும் ஆலையும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவை எனலாம்.

நண்பகல் மிகுதியும் மாலைப் பஞ்சமும்

முற்காலத்தில் பைக்காரா, மேட்டூர் முதலிய இடங்களில் நீர்வீழ்ச்சியாலும், பின்னர் நிலக்கரியாலும் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டது. வேண்டிய வேளையில் அதனைக் கூட்டவும் குறைக்கவும் கூடும். இப்பொழுது காற்றும் வெயிலும் பெரும்பங்கு வகிக்கின்றன. முப்பந்தல் முதலிய கணவாய்ப் பகுதிகளில் வைகாசி முதல் புரட்டாசி வரையில் காற்றாலைகள் மும்முரமாகச் சுழலும். இராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 2016-ஆம் ஆண்டு முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நடைபெற்று வருகின்றது. வெயிலால் வரும் மின்சாரம் உச்சிப்பொழுதில் பெருகி, சூரியன் சாயச் சாயக் குறைந்து, வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் அறவே நின்றுபோகும். ஆகவே நண்பகலில் மிகுதியும் மாலையில் பஞ்சமும் உண்டாகின்றன.

இதனைச் சமன் செய்யும் வழிகளுள் ஒன்று கோயமுத்தூர் ஜில்லா காடம்பாறையில் உள்ளது. அங்கே மின்சாரம் மிகும்போது மேல் ஆழியாறு அணையிலிருந்து நீரை மலைமேல் ஏற்றி, பஞ்சமான வேளையில் அந்நீரையே இறக்கி 400 மெகாவாட் வரையில் மின்சாரம் எடுக்கின்றனர். மேலேற்றிய நீரே சேமித்த மின்சாரமாம். குடியானவன் நண்பகலில் இறைத்துத் தொட்டியிலோ பண்ணைக் குட்டையிலோ நிறுத்தி, மாலையில் மடை திறந்து பாய்ச்சுவானாயின், அவனும் சிறிய அளவில் இதே காரியத்தைச் செய்பவனாகின்றான். விளக்குக்கு இரவில்தான் மின்சாரம் வேண்டும். பயிருக்கோ வேண்டுவது நீர். அந்நீரை எந்நேரத்தில் கிணற்றிலிருந்து எடுத்தாலும் பழுதில்லை.

மத்திய அரசாங்கத்தார் 2023-ஆம் ஆண்டில் திருத்திய விதிகளில், வெயில் வேளைக்குக் குறைந்த கட்டணமும் உச்சச் செலவு வேளைக்கு அதிகக் கட்டணமும் விதிக்க வழிசெய்துள்ளனர். விவசாயத்துக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு இருப்பினும், இம்முறையால் குடியானவர்க்கே பெருநன்மை உண்டென்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

டிரான்ஸ்பார்மர் எரிவது ஏன்?

5 குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று சுமார் 4.7 கிலோவாட் மின்சாரம் வாங்கும். ஆயினும் மோட்டாரின் காந்தச் சுருள்களுக்காகப் பயனின்றிப் போய்வரும் மின்னோட்டமும் கம்பியில் உண்டு. கெப்பாசிட்டர் இல்லாத மோட்டாரில் இதனையும் சேர்த்து டிரான்ஸ்பார்மருக்கு ஏறும் பாரம் சுமார் 6.2 கே.வி.ஏ. ஆகும். எனவே 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இத்தகைய 10 மோட்டார்களைத் தாங்கும். தக்க கெப்பாசிட்டர் பொருத்தினால் ஒவ்வொன்றின் பாரமும் சுமார் 4.9 கே.வி.ஏ. ஆகக் குறையும், அதே டிரான்ஸ்பார்மர் 12 மோட்டார்களைத் தாங்கும். கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைய, கம்பி சூடாவதால் உண்டாகும் நஷ்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகக் குறைகின்றது.

மற்றொரு கேடு ஆட்டோ ஸ்டார்ட்டரால் வருவது. மின்சாரம் நின்று மீளும்போது மோட்டார் தானே ஓடட்டும் என்று பலர் இதனைப் பொருத்தியுள்ளனர். நேரடியாகப் புறப்படும் மோட்டார் அக்கணத்தில் வழக்கத்தினும் சுமார் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பத்து மோட்டார்களும் ஒரே நொடியில் புறப்பட்டால் டிரான்ஸ்பார்மர் தன் சக்திக்கு ஆறு மடங்கு பாரம் சுமக்க நேர்கின்றது. வோல்டேஜ் வீழ்கின்றது. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் சுழற்று வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆகையால் சில மோட்டார்கள் சுழலமாட்டாமல் முனகிச் சூடேறிக் காயில் கருகும். இதனைக் கண்ட ஒருவர் பெரிய மோட்டார் வாங்குவார். அடுத்தவரும் அவ்வாறே செய்வார். பாரம் மேலும் ஏறி, கதிர் வாங்கும் பருவத்தில் டிரான்ஸ்பார்மரே எரிந்து ஊர்ப் பயிர் முழுவதும் வாடும்.

நான்கு யூனிட்டில் மூன்று வீண்

குடியானவர்கள் தம் பம்பைத் தாமே சோதிக்கலாம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாயடியில் வைத்து, நிரம்பும் நேரத்தைக் கணக்கிடுக. 40 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 18,000 லிட்டர் ஆகும். நீர்மட்டம் 20 மீட்டர் ஆழத்தில் இருப்பின், இவ்வளவு நீரை மேலேற்ற இயற்கைக் கணக்குப்படி வேண்டுவது ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரமே. அம்மோட்டார் மணிக்கு நான்கு யூனிட் வாங்குமாயின், மூன்று யூனிட்டுகள் சூடாகவும் உராய்வாகவும் வீணாகின்றன. நல்ல பம்பும் தக்க குழாயும் அமைந்தால் இரண்டு யூனிட்டில் அதே நீர் கிடைக்கும். குழாயின் விட்டத்தை 2 அங்குலத்திலிருந்து 2½ அங்குலமாக்கினாலே அதே நீருக்குக் குழாயின் உராய்வு நஷ்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

தமிழ்நாட்டில் 1984-ஆம் ஆண்டில் சிறு குடியானவர்களுக்கும், 1990-ஆம் ஆண்டில் எல்லாக் குடியானவர்களுக்கும் இறைவை மின்சாரம் இலவசமாயிற்று. எனவே வீணாகும் யூனிட்டைப் பற்றிக் கவலை ஏன் என்று சிலர் வினவலாம். கட்டணம் இல்லையாயினும், மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவும், தாழ்ந்த வோல்டேஜும், இரவில் பாம்புக்கு அஞ்சி வயலுக்குச் செல்லும் துன்பமும் குடியானவனையே சேர்கின்றன.

குஜராத்தின் அனுபவம்

குஜராத்தில் 2003-ஆம் ஆண்டு தொடங்கி ஜோதிகிராம் என்னும் திட்டத்தின்படி, வீடுகளுக்குச் செல்லும் மின்பாதையையும் பம்புகளுக்குச் செல்லும் மின்பாதையையும் தனித்தனியே பிரித்தனர். வீடுகளுக்கு நாள் முழுவதும் மின்சாரமும், பம்புகளுக்கு முன்னரே அறிவித்த வேளைப்படி நாள்தோறும் எட்டு மணி நேரம் முழு வோல்டேஜில் மின்சாரமும் அளித்தனர். மின்சாரம் வரும் வேளை நிச்சயமானதால் மோட்டார் எரிவது குறைந்தது. ஆயினும், பிறர் கிணற்று நீரை விலைக்கு வாங்கிப் பயிரிட்ட ஏழைகளுக்கு நீர் அருமையாயிற்று என்பதையும் மறைத்தலாகாது. 2020-ஆம் ஆண்டில் அவ்வரசாங்கத்தார், காலை 5 மணி முதல் இரவு 9 மணிக்குள்ளேயே பம்புகளுக்கு மும்முனை மின்சாரம் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினர்.

கிராமங்களில் செய்யத்தக்கவை

1. ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த கிணற்றுக்காரர்கள் யாவரும் கூடி, மோட்டார்களின் குதிரைச் சக்தியைக் கணக்கெடுத்து, இரண்டு மூன்று முறைகளாகப் பிரித்துக்கொள்க. மும்முனை மின்சாரம் வரும் பகல் வேளைக்கே முதலிடம் தருக.

2. ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தே தீரவேண்டுமாயின், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று தாமதித்துப் புறப்படும்படி அமைத்துக்கொள்க.

3. மோட்டாருக்கேற்ற கெப்பாசிட்டரை, லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துக. 5 குதிரைச் சக்திக்கு 2 கிலோவார் என்பது வழக்கம். இருமுனை மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டுவதற்காகச் சிலர் வைக்கும் கண்டென்சர் வேறு; அதனை அறவே விலக்குக.

4. புதிய பம்பு வாங்குவோர் நட்சத்திரக் குறியீடு பார்த்து, கிணற்றின் ஆழத்துக்குத் தக்கதையே வாங்குக. புட்வால்வு, குழாய் வளைவுகள் இவற்றையும் கவனிக்க.

5. நல்ல பம்பு அதே நேரத்தில் அதிக நீர் தரும். அதனைக் கொண்டு பரப்பை மிகுதியாக்கினால் கிணறு வற்றும். ஆகையால் சொட்டுநீர், தொட்டி முதலியவற்றோடு சேர்த்தே இச்சீர்திருத்தத்தைச் செய்க.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் முன்னின்று, நடவுக்கு முன்னர் ஒருமுறை இக்கூட்டத்தைக் கூட்டி, எழுதிய முறைச்சீட்டின் பிரதி ஒன்றை மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் அனுப்புவார்களாயின், பகல் வேளையில் மின்சாரம் வேண்டுமென்று ஊரார் ஒருமுகமாகக் கேட்பதற்கும் அது ஆதாரமாகும். முறை வகுத்த நாளில் பெரிய பற்றுடையார் முதலில் விட்டுக்கொடுத்துத் தம் வேளையைக் கடைசியாக வைத்துக்கொண்டால், மற்றவர்கள் தாமே இணங்குவார்கள். கடைமடைக் கிணற்றுக்காரனுடைய மோட்டார் முழு வோல்டேஜில் ஓடுகின்றதா என்று பார்ப்பதே, முறை சரிவர நடக்கின்றது என்பதற்குத் தக்க சோதனையாம்.