அகலத் திரையும் அட்டைத் துண்டும்

கடையிலே ஒரு பொருளின் பெட்டிமீது பெரியதோர் இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தால், அவ்விலக்கம் எதை அளக்கின்றது என்று கேட்பார் நம்முள் மிகச் சிலரே. பாட்டனார் காலத்தில் கட்டில் வாங்கச் சென்றவர் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று அளவுகோல் கொண்டு அளந்து பார்த்தார். நாமோ கணினித் திரையை “முப்பத்துநான்கு அங்குலம்” என்ற ஒரே சொல்லை நம்பி வாங்கி, வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகின்றோம். அந்த முப்பத்துநான்கைப் பற்றியே இங்குச் சில கூறலாமென்று எண்ணுகின்றேன்.

எண்ணியதற்குக் காரணம் என் மகன். உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவிற் பயில்கின்றான். பரீட்சைக்கு இன்னும் ஓராண்டு உண்டு. படிப்பில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் மாலையில் ஒரு மணி நேரமாவது கணினியிற் கார் ஓட்டியோ விமானம் ஓட்டியோ விளையாடாவிடின் அவனுக்கு அன்றைய பொழுது நிறைவெய்தாது. “அப்பா, அல்ட்ரா வைட் மொனிட்டர் ஒன்று வாங்குவோம். உங்களுக்கும் உதவும்” என்று ஒருநாள் தொடங்கினான். விலையை விசாரித்தேன். என் இரண்டு மாதச் சம்பளம் அதற்குள் அடங்கிப்போயிற்று. கிணற்றுக்குப் புதிய நீரிறைக்கும் இயந்திரம் வைப்பதற்கென்று என் மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணமும் ஏறக்குறைய அதே தொகைதான். இப்பொருத்தத்தை அவளும் உடனே கவனித்துவிட்டாள். ஆகவே தீர விசாரியாமல் ஓர் அடியும் எடுத்துவைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

நம் வீடுகளில் உள்ள சாதாரணத் திரைகளின் அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. அகலத் திரை 21க்கு 9 என்று விற்கப்படுகின்றது. கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் இங்கே ஒரு திருத்தம் சொல்லாமலிருக்க இயலவில்லை. உண்மை விகிதம் 64க்கு 27, அல்லது 43க்கு 18 ஆகும். இந்த நீண்ட வடிவம் கணினிக்காரர் கண்டுபிடித்ததன்று. 1953ஆம் ஆண்டில் ‘தி ரோப்’ என்ற அமெரிக்கப் படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது; தமிழில் 1973இல் சிவாஜி கணேசன் நடித்த ‘ராஜராஜ சோழன்’ அம்முறையில் வெளிவந்த முதற்படம். அத்தகைய படங்களைச் சாதாரணத் திரையிற் பார்க்கும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். அப்பட்டைகளை அகற்றிய வடிவமே அகலத் திரை. 2012இல் எல்.ஜி. நிறுவனம் 29 அங்குல அளவில் இத்தகைய கணினித் திரையை வெளியிட்டது. அதன் பின்னரே இது வீட்டு மேசைகளை எட்டிப் பார்க்கத் தொடங்கியது.

இனி, அந்த இலக்கத்துக்கு வருவோம். திரையின் அளவு என்பது அதன் மூலைவிட்டத்தின் நீளம். ஒரு செவ்வகத்தின் மூலைவிட்டத்தை மட்டும் தந்துவிட்டு, “இதன் பரப்பு யாது?” என்று வினாத்தாளிற் கேட்டால் என் மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கடைக்காரர் கேட்டால் மாத்திரம் நாம் பணத்தை எடுத்து நீட்டுகின்றோம்! பைதகரசு தேற்றத்தைக் கொண்டு கணித்துப் பார்த்தேன். 34 அங்குல அகலத் திரையின் அகலம் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர். உயரம் 33½ சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. 27 அங்குலச் சாதாரணத் திரையின் உயரமும் அதுவேதான். 32 அங்குலச் சாதாரணத் திரையோ 71 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. அஃதாவது, 34 என்று எழுதியது, 32 என்று எழுதியதைவிடப் பரப்பிற் சிறியது. 29 அங்குல அகலத் திரையின் கதை இன்னும் வேடிக்கையானது. அதன் உயரம் 28½ சென்ரிமீற்றர் அளவே. எங்கள் வீட்டிலிருந்த பழைய 24 அங்குலத் திரையைவிடக் குள்ளமானது.

கணக்கை வீட்டார் நம்பவில்லை. ஆதலால், குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியைக் கத்தரித்து, 80க்கு 33½ என்ற அளவில் ஒரு துண்டு செய்து, பழைய திரைக்கு முன்னால் நிறுத்தி வைத்தேன். மூன்று நாட்கள் அஃது அங்கேயே நின்றது. முதல்நாட் காலையில் என் மனைவி தேநீருடன் வந்து பார்த்தாள். “அகலம் இருக்குது. உயரம் எங்கே?” என்றாள். பழையதைவிட மூன்றரைச் சென்ரிமீற்றரே உயரம் கூடுதல். மறுநாள் வேறொன்று வெளிப்பட்டது. மேசையின் வலப்பக்கத்திலிருந்த சரஸ்வதி படத்துக்கும் இடப்பக்கத்திலிருந்த அச்சியந்திரத்துக்கும் இனி அங்கு இடமில்லை. நேயர்கள் எந்த மொனிட்டர் வாங்க எண்ணினாலும் முதலில் ஓர் அட்டைத் துண்டு செய்து மேசைமேல் வைத்துப் பார்க்கும்படி வேண்டுகின்றேன். அதற்குச் செலவு யாதும் இல்லை. மேசையின் ஆழத்தையும் அப்போதே அளந்துகொள்ளல் வேண்டும். கண்ணுக்கும் திரைக்கும் இடையில் 60 முதல் 75 சென்ரிமீற்றர் தூரம் கிடையாவிடின், இரு ஓரங்களையும் பார்ப்பதற்குக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க நேரிடும்.

அளவை அடுத்து ஆராயவேண்டியது ஒளிப்புள்ளிகளை. இவற்றைப் பிக்சல் என்பர். 34 அங்குலத்தில் இரு வகை விற்பனையாகின்றன. ஒன்று 2560க்கு 1080; மற்றையது 3440க்கு 1440. முன்னது மலிவு. ஆனால் அதில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 82 புள்ளிகளே உள்ளன, பின்னதில் 110. எங்கள் பழைய திரையிலேயே 92 இருந்தன. ஆங்கில எழுத்துக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. தமிழுக்கோ மெய்யெழுத்தின் தலைமேல் வைக்கும் புள்ளியே உயிர். சிறிய எழுத்தில் அது கரைந்துபோனால் ‘க்’ எது, ‘க’ எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். விடைத்தாள், வினாத்தாள் என்று நாள்தோறும் தமிழெழுத்தோடு மாரடிப்பவருக்கு மலிவு வகை ஆகாது என்பது என் துணிபு.

ஆனால் 3440க்கு 1440 என்பதை ஏற்றுக்கொண்டால் வேறொரு சுமை வந்து சேர்கின்றது. அத்திரையில் ஏறக்குறைய 49½ இலட்சம் புள்ளிகள். சாதாரண 1920க்கு 1080 திரையில் 21 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. விளையாட்டின் ஒவ்வொரு காட்சியிலும் இத்தனை புள்ளிகளையும் கணித்து வரைந்து கொடுப்பது கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்ட். அதன் வேலை இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடுகின்றது. எங்கள் கணினியில் இருப்பது என்விடியா நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்பது. பழைய திரையில் நொடிக்கு 60 காட்சிகள் ஓடிய விளையாட்டு, புதிய திரையில் 30ஐ அண்டித் தவழக்கூடும்.

இதற்கு உதாரணம் தேடி நான் வெகுதூரம் செல்லவேண்டியிருக்கவில்லை. என் மைத்துனர் இரண்டாண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் 34 அங்குலத் திரை வாங்கினார். பெட்டியில் 144 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் என்பது பொருள். வீட்டில் இணைத்தது பழைய மடிக்கணினியோடு. அதில் இருந்ததோ 1.4 என்னும் பழைய வகை எச்.டி.எம்.ஐ. துவாரம். அது 50இல் நின்றுவிட்டது. கடைக்காரர் அதைக் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. டிஸ்பிளே போர்ட் என்னும் துவாரமுள்ள கணினியாயின் இந்த இடர் நேர்ந்திராது. மைத்துனர் இன்றும் அத்திரையிற் செய்திப் பத்திரிகை வாசிக்கின்றார், நன்றாகவே வாசிக்கின்றார்!

விளையாட்டுகளிலும் எல்லாம் அகலத்துக்கு இசைந்தவை அல்ல. கார் ஓட்டும் விளையாட்டுகளுக்கும் விமானம் ஓட்டும் விளையாட்டுகளுக்கும் இவ்வடிவம் மிகப் பொருந்தும். பக்கத்துக் கண்ணாடியும் வீதியோரமும் கண்ணுக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் 2022இல் வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்ட ‘எல்டன் ரிங்’ 16க்கு 9 என்ற அளவிலேயே நின்று, இரு பக்கங்களையும் கறுப்பாக விட்டது. பிளேஸ்டேஷன் 5 போன்ற தனி விளையாட்டுப் பெட்டிகள் 21க்கு 9 வடிவத்தில் படம் தருவதேயில்லை. யூரியூப் காணொளிகளிற் பெரும்பாலானவற்றுக்கும் இதே நிலைதான்: நடுவில் 2560 புள்ளி அகலத்துக்குப் படம், இருமருங்கும் 440 புள்ளிக்கு இருள். தம் பிள்ளை எந்த விளையாட்டை ஆடுகின்றான் என்பதைப் பெற்றோர் ஒரு தாளிற் கேட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போதல் நன்று. என் மகன் எழுதித் தந்த ஆறில் நான்கு அகலத்துக்கு இசைந்தவை.

ஆயின் இதனாற் பெறும் நன்மைதான் யாது? மூன்றாம் நாள் அதே அட்டையில் அது புலப்பட்டது. மூன்று ஏ4 தாள்களை எடுத்து அதன்மேல் அருகருகே ஒட்டினேன். மூன்றும் அடங்கி, இன்னும் 17 சென்ரிமீற்றர் மிஞ்சிற்று. மேலும் கீழும் சிறிது இடமும் இருந்தது. இடப்பக்கத்தில் மாணவனின் விடை, நடுவில் புள்ளித் திட்டம், வலப்பக்கத்தில் பதிவேடு. ஒன்றை மூடி மற்றொன்றைத் திறக்கும் தொல்லை இல்லை. அகலத் திரை படத்தைப் பெரிதாக்கும் கருவியன்று. பக்கத்திற் பக்கம் வைக்கும் பலகை. பெரிய படம் வேண்டுவோர் 32 அங்குலச் சாதாரணத் திரையை வாங்குக. விளையாட்டே இல்லாத வீடாயின், இரண்டு 24 அங்குலத் திரைகளை அருகருகே வைத்தாலும் எழுத்து வேலை செவ்வனே நடக்கும். விளையாடும்போது நடுவில் விளிம்புச் சட்டம் குறுக்கிடும் என்பதொன்றே அதன் குறை.

வளைந்த திரை, நேர்த்திரை என்ற பேச்சும் உண்டு. 1800 ஆர் என்றால் 1800 மில்லிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் ஒரு வில். 34 அங்குலத்தில் அவ்வளைவு ஓரங்களை நடுப்பகுதியினும் ஏறக்குறைய 4½ சென்ரிமீற்றர் முன்னே கொண்டுவரும். 1000 ஆர் ஆயின் 8 சென்ரிமீற்றர். நேர்கோடு வரைந்து பிழைப்பவனாகிய எனக்கு முன்னது போதும். பலகை வகையில், வி.ஏ. என்பது இருட்காட்சிகளை நன்கு கறுப்பாகக் காட்டும். ஆனால் வேகமான அசைவிற் சில திரைகளில் நிழல் இழுபடும். ஐ.பி.எஸ். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கும் நிறம் மாறாமற் காட்டும். ஓலெட் அழகில் யாவற்றையும் வெல்லும். ஆயினும் ஒரே எழுத்தும் ஒரே பட்டையும் நாள் முழுவதும் நின்றால் அவற்றின் சுவடு நிலைத்துவிடக்கூடும் என்பதால், பகலெல்லாம் எழுத்து வேலை நடக்கும் எங்கள் மேசைக்கு அது வேண்டாமென்று விட்டோம்.

கடைசியில் நடந்தது இதுதான். கிணற்றுக்கு இயந்திரம் முதலில் வந்தது. விடைத்தாள் திருத்திய கொடுப்பனவும் சிறிது சேமிப்பும் சேர்ந்த பின்னர், நான்கு மாதம் கழித்து, 34 அங்குலம், 3440க்கு 1440, ஐ.பி.எஸ்., 100 ஹேர்ட்ஸ் என்று எழுதியெடுத்துக்கொண்டு சென்று வாங்கினோம். புதிய கிராபிக்ஸ் கார்ட் பரீட்சைக்குப் பின்னர்; அதற்கான பணத்தைச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தானே சேர்ப்பதாக மகன் ஒப்புக்கொண்டான். அதுவரையில் பாரமான விளையாட்டுகளைக் குறைந்த புள்ளியளவில் ஆடுகின்றான். படம் சற்று மங்கல்தான். முறையிடவில்லை.

முறையிட்டவர்கள் என் மாணவர்கள். சனிக்கிழமை மாலையில் சூம் வழியாக மீட்டல் வகுப்பு நடத்துவது 2020 முதல் எனக்கு வழக்கம். புதிய திரை வந்த முதல் வகுப்பில் பெருமையோடு முழுத் திரையையும் பகிர்ந்தேன். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்திருந்த பிள்ளைகளுக்கு எண்பது சென்ரிமீற்றரும் மூன்று சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு நாடாவாய்ச் சுருங்கிப் போயிற்று. “சேர், எழுத்தெல்லாம் எறும்பு மாதிரித் தெரியுது” என்றாள் ஒரு மாணவி. என் மகன்தான் ஓடிவந்து, முழுத் திரையையும் விடுத்து ஒரு சாளரத்தை மாத்திரம் பகிரும் வழியைக் காட்டினான். அவ்வாறு பகிர்ந்தால் மிகுதி இடத்தில் என் குறிப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மாணவர் கண்ணுக்கு அவை தெரியா.

சரஸ்வதி படம் இப்போது மேசைக்கு மேலே சுவரில் இருக்கின்றது. அட்டைத் துண்டை அடுத்த வீட்டு ஆசிரியர் சென்ற கிழமை இரவல் வாங்கிச் சென்றார். அவர் மகளும் ஏதோ கேட்கத் தொடங்கியிருக்கின்றாளாம்.