தாமதமாக வந்த சாட்சி: நீதிமன்றம் நம்புமா?

கொலையை நேரில் பார்த்ததாகச் சொல்பவரைப் போலீசார் இருபது நாள் கழித்து விசாரித்திருந்தால், அவர் சாட்சியத்தை நம்பித் தண்டனை கொடுக்கலாமா? கொடுக்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. தாமதத்துக்கு என்ன காரணம் என்றே பார்க்கிறது.

பம்பாய்க் கொலை வழக்கு ஒன்றில் (கணேஷ் பவன் படேல் வழக்கு, 1978) சாட்சிகளை விசாரித்ததில் ஏற்பட்ட தாமதம் சில மணி நேரம்தான். ஆனாலும், யாரைச் சாட்சியாக்குவது, வழக்கை எப்படி அமைப்பது என்று யோசிக்கப் போலீசார் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டார்களோ என்ற சந்தேகம் எழுந்தது. விசாரணை நீதிமன்றம் விடுவித்து, உயர் நீதிமன்றம் தண்டித்தவர்களை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. இதற்கு நேர்மாறாக, 2021-ல் மேற்கு வங்கக் கொலை வழக்கு ஒன்றில் தாமதத்தை அது பொருட்படுத்தவில்லை. எதிரிகளுக்கு (குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு) பயந்து சாட்சிகள் வாய் திறக்காமல் இருந்தார்கள் என்பது ஏற்கும்படியாக இருந்தது.

போலீசார் எழுதும் வாக்குமூலத்தில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-வது பிரிவு, 1.7.2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 180-வது பிரிவு) சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. நீதிமன்றத்தில் அது சாட்சியமும் ஆகாது. சாட்சி மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்ட மட்டுமே உதவும். சாட்சியின் கையெழுத்து இல்லாததால், பின்னால் எழுதி முன்தேதி போடவும் வழியுண்டு. அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் அதில் போட்டிருக்கும் தேதியோடு நிற்பதில்லை. அது மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு எப்போது வந்து சேர்ந்தது என்றும் பார்க்கிறார்கள். குறுக்கு விசாரணையில் "சம்பவத்தை நான் பார்க்கவில்லை, போலீசார் சொல்லிக்கொடுத்துப் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று, சாட்சி மறுத்ததாகப் பதிவாகும் வழக்கமான வரியைவிட, கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த அந்த ஒரு தேதி பல வழக்குகளில் பலமானது. அதோடு, ஏன் இவ்வளவு தாமதம் என்று புலன் விசாரணை அதிகாரியிடமே கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்ட எதிரித் தரப்பு பிறகு அதில் பலன் தேட முடியாது என்பது உத்தரப் பிரதேச அரசு - சதீஷ் வழக்கின் (2005) தீர்ப்பு.

பொய்யே சொல்லாத சாட்சிக்கும் நினைவு மாறும். 1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டினார்கள். கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'இடித்தபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு முதல் குழுவில் 16 பேரும் அடுத்ததில் 7 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரு வாரத்துக்கே இப்படியென்றால், டிவியும் ஊர்ப்பேச்சும் போலீஸ் கேள்விகளும் மாதக்கணக்கில் என்னென்ன சேர்த்துவிடும்? தாமதம் நியாயமானதாகவே இருந்தாலும், நீதிபதிகள் இதையும் எடைபோட வேண்டும் என்பேன்.

குற்றத்தை நேரில் பார்த்தவர்கள் அன்றே போய்ச் சொல்லுங்கள். பயமாக இருந்தால், 2018-ன் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுக்கலாம்.