ஆறு டயர்... ஒரு வீடு... நாலு பேச்சுலர்ஸ்!

கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம்... எல்லாத்தோடயும் சேர்த்து ஒரு வீடு வாங்கினோம். விலை 6,000 டாலர். ஒரே ஒரு விசேஷம், அந்த வீட்டுக்கு ஸ்டீயரிங் இருந்தது!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்துக்கு எம்.எஸ். படிக்கப் போன நாலு பேர் நாங்க. சேலத்துக்காரன், திருச்சிக்காரன், மதுரைக்காரன், நாகர்கோவிலிலிருந்து நான். 2023 அக்டோபரில் தலைக்கு 1,500 டாலர் போட்டு, 1994-ம் வருஷத்து மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கினோம். பிளான்? கிராண்ட் கேன்யன். போக வர 1,100 கிலோமீட்டர்!

ஒரு பெரிய வேனின் முன்பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னாடி டப்பா மாதிரி வீடு கட்டினால் அதற்குப் பெயர் 'கிளாஸ் சி'. டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். எங்க வண்டி 24 அடி நீளம். ஆனாலும் அங்கே இதை ஓட்ட சாதாரண கார் லைசென்ஸே போதும். அதுதான் ஆபத்தே!

டயருக்கு வயசென்ன?

வண்டியை நிறுத்தியிருந்த யார்டில், பக்கத்து வண்டிக்காரர் ஒரு பெரியவர். லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். எங்க ஆட்டம் பாட்டத்தை எல்லாம் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்... "பசங்களா, இந்த டயருக்கு என்ன வயசு?"

"புதுசு சார், பட்டன் பாருங்க!" என்றான் மதுரைக்காரன். அவர் டார்ச்சை அடித்து டயரின் பக்கவாட்டைக் காட்டினார். டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம்: 2310. அதாவது, 2010-ம் வருஷம், 23-வது வாரம் தயாரானது. டயருக்கு வயசு பதிமூணு!

கார் டயர் ஓடி ஓடித் தேயும். மோட்டார் ஹோம் டயரோ நின்னு நின்னே சாகும். வருஷத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்பதால் ரப்பர் இறுகி, உள்ளுக்குள் வெடிப்பு விடும். பட்டன் பளபளவென்று இருக்கும். ஹைவேயில் சூடேறும்போதுதான் வெடிக்கும். முன்டயர் வெடித்தால் அந்த எடையைப் பிடித்து நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆறு டயருக்கும் சேர்த்து 1,050 டாலர். டிரிப்புக்கென்று எடுத்து வைத்திருந்ததே 1,300! "எதுக்குடா மச்சி... மெதுவா போயிக்கலாம்" என்றான் திருச்சிக்காரன். ரெண்டு நாள் சண்டை. கடைசியில் சேலத்துக்காரன்தான் ஒரே போடாகப் போட்டான். "எங்கம்மா போன் பண்ணி 'வண்டி நல்ல வண்டிதானேப்பா'ன்னு கேட்டா, ஆமான்னு சொல்ல எனக்கு வாய் வரணும்டா."

டயர் மாற்றினோம். பாக்கிப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி பெட்ரோல். சாப்பாடு? நாலு நாளும் தயிர் சாதம், ஊறுகாய்!

ஒத்திகை ராத்திரி

"நேரா கேன்யனுக்குப் போகாதீங்க. முதல்ல பக்கத்துல ஒரு ராத்திரி தங்கிப் பாருங்க" என்றார் பெரியவர். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தங்கினோம். காலையில் பார்த்தால் பால் திரிஞ்சிருந்தது!

காரணம், வண்டி சாய்ந்து நின்றது. இந்த ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. கேஸில் ஒரு குட்டித் தீ எரியும். அந்தச் சூட்டில் அமோனியா ஆவியாகி, பிறகு திரவமாகி, தன் எடையாலேயே குழாயில் இறங்கி வரவேண்டும். வண்டி சாய்ந்தால் திரவம் வழியிலேயே தேங்கிவிடும். அடுத்த முறையிலிருந்து சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து மட்டம் பார்த்தோம்.

இன்னொரு மேட்டர்... டாய்லெட் டேங்க்! யார் காலி செய்வது? சீட்டுக் குலுக்கியதில் என் பெயரே வந்தது. (மூணு தடவையும்! இதில் ஏதோ சதி இருக்கிறது.) கையுறை கட்டாயம். முதலில் டாய்லெட் டேங்க், அப்புறம்தான் குளியல் தண்ணீர் டேங்க். அப்போதுதான் அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும்.

வண்டியின் உயரத்தையும் பேப்பரில் எழுதி ஸ்டீயரிங் எதிரே ஒட்டிவிட்டோம். கார் ஓட்டிய பழக்கத்தில் தாழ்வான கூரைக்குள் நுழைந்தால் பரண் காலி!

பள்ளத்தாக்கு தெரிந்த நிமிடம்

பீனிக்ஸ் தாண்டியதும் மலை ஏற்றம். லாரிகளே எங்களை ஓவர்டேக் பண்ணின. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடத் தரவில்லை மகாராணி! ஆனால், கேன்யன் விளிம்பில் போய் நின்றபோது நாலு பேருக்கும் பேச்சு வரவில்லை. 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ராத்திரி குளிர் எலும்பைத் தொட்டது. எங்க வீட்டு ஜன்னலைத் திறந்தால் பைன் மரமும் நட்சத்திரமும். அந்த ஒரு காட்சிக்கே டயர் காசு ஜீரணமாகிவிட்டது.

இறங்கும்போதுதான் பாடம்!

திரும்பும்போது ஓட்டியது நான். ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் 2,100 மீட்டர் உயரம். அங்கிருந்து கேம்ப் வெர்டி வரை கிட்டத்தட்ட 1,150 மீட்டர் இறக்கம். ஜாலியாகப் பாட்டுக் கேட்டபடி பிரேக்கில் கால் வைத்தே இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் கருகிய வாசனை. "மாப்ள, தோசை தீயுதாடா?" என்றான் மதுரைக்காரன். தீய்ந்தது பிரேக்!

பெடல் மெத்தென்று உள்ளே போனது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. பின்னாடி சீட்டில் மூணு பேர். ஏற்கெனவே 'தப்பி ஓடும் லாரிகளுக்கான சரிவுப் பாதை' என்ற போர்டைப் பார்த்திருந்தேன். அது யாருக்கென்று அந்த நொடிதான் புரிந்தது. பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது... "எந்த கியர்ல ஏறுவியோ, அதே கியர்ல இறங்கு!" கியர் லீவரை ரெண்டாவதுக்கு இழுத்தேன். இன்ஜின் கத்தியது. ஆனால் வேகம் குறைந்தது. ஓரமாக நிறுத்தினோம். முன்சக்கரத்தில் லேசாகப் புகை. முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. சேலத்துக்காரன் மட்டும் ஆளுக்கொரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தான். வீட்டையே கூட்டிக்கொண்டு போனதில் அது ஒரு வசதி!

அப்புறம் ரெண்டாவது கியரிலேயே இறங்கினோம். தேவைப்பட்டபோது மட்டும் பிரேக்கை அழுத்தி, வேகம் குறைந்ததும் காலை எடுத்து, ஆறவிட்டு... மெதுவாக. பின்னாடி வந்த கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்!

முன்டயர் மட்டும் பழசாக இருந்து, அந்தச் சூட்டில் வெடித்திருந்தால்? இப்போதும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. பழைய வண்டி நம்மிடம் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை பாஸ். கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் நேரம். அதைக் கொடுக்காதவனைத்தான் கைவிட்டுவிடும்.

மோட்டார் ஹோம் உங்களுக்குத் தூரமா? பரவாயில்லை. உங்க பைக் டயரின் பக்கவாட்டிலும் அதே நாலு இலக்கம் இருக்கிறது. அடுத்த லாங் டிரிப்புக்கு முன்னாடி, டார்ச் அடித்து ஒரு தடவை பார்த்துடுங்க!