டிஃபெண்டர் காலில் பட்டால் ஆஃப்சைடு போய்விடுமா?

சேலம், நாமக்கல் பக்கம் கால்பந்துப் போட்டி நடக்கும் மைதானங்களில் அடிக்கடி எழும் குரல் இது: "ரெஃப்ரி சார், டிஃபெண்டர் கால்ல பட்டுருச்சு! ஆஃப்சைடு கிடையாது சார்!" அரங்கம் முழுக்க நம்புகிற இந்த வாதத்தில் பாதிதான் உண்மை. பட்டாலே போதும் என்று விதி சொல்லவில்லை.

ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டும் குற்றமல்ல. அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் விசில். எதிரணி டிஃபெண்டர் பந்தை வேண்டுமென்றே ஆடி, அது ஆஃப்சைடில் நிற்கும் ஃபார்வர்டிடம் வந்து சேர்ந்தால் தவறு இல்லை. டிஃபெண்டரின் உடம்பில் பட்டுத் தெறித்து வந்தால் ஆஃப்சைடு அப்படியே இருக்கும். கோலை நோக்கி வரும் பந்தைத் தடுப்பது 'சேவ்'. அதை கோல்கீப்பர் செய்தாலும் டிஃபெண்டர் செய்தாலும் ஆஃப்சைடு அழியாது.

சிக்கல் 'வேண்டுமென்றே' என்பதில்தான். 2021 அக்டோபர் 10 அன்று மிலான் சான் சிரோ அரங்கில் நேஷன்ஸ் லீக் இறுதிப் போட்டி. 80ஆவது நிமிடம், தியோ ஹெர்னாண்டஸ் பந்தை முன்னே தள்ளும்போது பிரான்ஸின் எம்பாப்பே ஆஃப்சைடு இடத்தில் இருந்தார். ஸ்பெயினின் எரிக் கார்சியா சறுக்கிக் காலை நீட்டினார். பந்து அவரை லேசாக உரசிக்கொண்டு எம்பாப்பேயிடம் போனது. அவர் கோல் போட்டார். கார்சியா பந்தை ஆட முயன்றார், ஆகவே ஆஃப்சைடு இல்லை என்றார் நடுவர் ஆண்டனி டெய்லர். வீடியோ சோதனைக்குப் பிறகும் கோல் நின்றது. பிரான்ஸ் 2-1 என்று வென்றது.

அன்றைய விளக்கப்படி அது தவறான தீர்ப்பல்ல. ஆனால் நியாயமா? ஆபத்தைத் தடுக்கப் பாய்ந்த டிஃபெண்டருக்குத் தண்டனை, ஆஃப்சைடில் நின்றவருக்குப் பரிசு! விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி 2022இல் விளக்கத்தைத் திருத்தியது. இப்போது கேள்வி, டிஃபெண்டர் முயன்றாரா என்பதல்ல. பந்து அவர் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பது. சக வீரருக்குக் கொடுக்கவோ, தன்னிடம் வைத்துக்கொள்ளவோ, அடித்து அகற்றவோ அவருக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். பந்து தூரத்திலிருந்து வந்ததா, வேகம் குறைவா, வரும் திசை எதிர்பார்த்ததா, உடம்பை நிதானப்படுத்த நேரம் இருந்ததா என்று நடுவர் பார்ப்பார். தரையோடு வரும் பந்து, அந்தரத்தில் வருவதைவிட ஆட எளிது என்பதும் கணக்கில் சேரும். கட்டுப்பாடு இருந்தும் சொதப்பினால், அது டிஃபெண்டரின் பாடு, ஃபார்வர்டு தப்பிவிடுவார்.

இதற்குப் பின்னால் இருப்பது நம் நரம்பு மண்டலத்தின் வேகம். கண் பார்த்து உடம்பு அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து அந்த நேரத்தில் 5 மீட்டர் கடந்துவிடும். 5 மீட்டர் தள்ளி நிற்கும் டிஃபெண்டர் கால் தூக்குமுன் பந்து அவர் முழங்காலில் மோதியிருக்கும். அதைத் 'தானே ஆடினார்' என்று சொல்ல முடியாது. 54 கிலோமீட்டர் வேகத்தில், 15 மீட்டர் தள்ளியிருந்து தரையோடு வரும் பாஸுக்கோ ஒரு முழு விநாடி கிடைக்கிறது. பார்க்க, முடிவெடுக்க, காலை வைக்க அது போதும்.

நம் மைதானங்களில் இன்னொன்றும் உண்டு. கோடையில் செம்மண் காய்ந்து இறுகிக் கிடக்கும், பந்து கல்லில் பட்டுத் திசை மாறும். துள்ளல் 10 பாகை விலகினாலே 3 மீட்டருக்குள் பந்து அரை மீட்டர் தள்ளிப் போய்விடும். நீட்டிய கால் காற்றைத்தான் உதைக்கும், அல்லது கணுக்காலில் இடித்துத் தெறிக்கும். புல்தரையில் 'ஆடினார்' என்று எழுதப்படும் பந்து, இங்கே 'பட்டது' என்றாகலாம். வீடியோ உதவி இல்லாத மாவட்டப் போட்டி நடுவர் பந்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார்; டிஃபெண்டரின் இடுப்பும் தோளும் சமநிலையில் இருந்தனவா என்று பார்க்க வேண்டும். கொடி பிடிப்பவரும் அவசரப்படாமல், பந்து யாரிடமிருந்து எப்படி வந்தது என்று ஒரு கணம் பொறுத்துப் பார்த்துத்தான் கையைத் தூக்க வேண்டும்.

மற்றொரு நுணுக்கமும் நடுவர் மனதில் இருந்தாக வேண்டும். ஆஃப்சைடில் இருந்த ஃபார்வர்டு ஓடிவந்து பந்துக்காக டிஃபெண்டரோடு மல்லுக்கட்டினால், அதன்பின் டிஃபெண்டர் எவ்வளவு நிதானமாக ஆடினாலும் விசில் ஊத வேண்டியதுதான். தவறு அந்த மல்லுக்கட்டிலேயே நடந்துவிட்டது.