உங்களுக்குத் தெரியுமா? டெல்டா கல்லூரிகளின் கூடைப்பந்துப் பருவம்

அமெரிக்கக் கல்லூரிகளின் ஆண்கள் கூடைப்பந்துப் பருவம் மாதக்கணக்கில் நீளும் லீக். காவிரி டெல்டாவில் அப்படி இல்லை. தஞ்சை மன்னர் சரபோஜி அரசு கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி போன்றவை திருச்சியில் 1982-இல் தொடங்கப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இத்தகைய கல்லூரியின் அணி முதலில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடும். அங்கே திறமை காட்டுவோரிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகும். இந்த முறையின் அழகே இதுதான்: எதிரெதிரே மோதிய தஞ்சை, திருச்சி மாணவர்கள் ஒரே அணிக்குத் தோள் கொடுக்கிறார்கள். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். மண்டலத்தில் முன்னிலை பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டியில் மோதும். இவற்றை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒருங்கிணைக்கிறது. தஞ்சையின் சாஸ்த்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால், நேரே மண்டலப் போட்டிக்கே அணி அனுப்பலாம்.

பயிற்சிக்குப் பெரும் சோதனை வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சம்பா வயலுக்கு உயிரூட்டும் அதே மழை, கூரையில்லாத சிமென்ட் ஆடுகளத்தை வழுக்கலாக்குகிறது. 28 மீட்டர் நீளத் தளத்தில் 40 நிமிடம் ஓடித் திரும்ப வேண்டிய ஆட்டத்துக்கு உலர்ந்த தரை கட்டாயம். டெல்டா கல்லூரிகளுக்கு உள்ளரங்கம் மிக அவசியம்.